கல்வி உளவியலாளர் சின்னப் புள்ளைகளப் பார்க்கக்குள்ள நம்மட வேலை என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை பக்கத்து நேசரி டீச்சர்மார், விசேட கல்வி அலகுல இருக்கிற ஆக்கள், அம்மா அப்பாமார் எல்லாரும் மாறி மாறி ஒரே கேள்விகளத்தான் கேக்கிறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரு இடத்தில போட்டிருக்கன். நான் டொக்டரும் இல்ல, உளவியலாளரும் இல்ல. மதிப்பீடு நடக்கக்குள்ள பக்கத்தில இருந்து உதவி செய்யிற ஆள், அவ்வளவுதான்.

கல்வி உளவியலாளர் எண்டா யார்? மனநல டொக்டரா?

இல்ல. மருந்து எழுதுறவர் இல்ல. புள்ள எப்பிடிப் படிக்குது, எப்பிடிக் கதைக்குது, விளையாட்டில மத்தப் புள்ளைகளோட எப்பிடிச் சேருது, எந்த இடத்தில தட்டுப்படுது, என்ன உதவி குடுத்தா அந்த இடத்தத் தாண்டும் எண்டு பார்த்துச் சொல்றவர். 1913ல லண்டன்ல சிறில் பேர்ட் எண்டவர இந்த வேலைக்கு வச்சதுதான் இங்கிலாந்தில ஆரம்பம். இப்ப அங்க 2014ம் ஆண்டுச் சட்டப்படி, புள்ளைட தேவைகளுக்குத் திட்டம் போட மதிப்பீடு தொடங்கினா கல்வி உளவியலாளர்ட ஆலோசனை கட்டாயம் எடுக்கணும், முழு வேலையும் 20 கிழமைக்குள்ள முடியணும். (அங்கயும் அந்த 20 கிழமை இழுபடுறது வேற கதை.)

நம்மட இலங்கையில பாடசாலைக்குப் பாடசாலை அப்பிடி ஒருத்தர் இல்ல. அந்த வேலையக் குழந்தை நல டொக்டர், சிறுவர் மனநல டொக்டர், உளவியலாளர், ஸ்பீச் தெரபிஸ்ட், ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் எண்டு பல பேர் பங்கு போட்டுச் செய்யிறாங்க. அதால கீழ "உளவியலாளர்" எண்டு நான் சொல்றத "மதிப்பீடு செய்யிற ஆள்" எண்டு எடுத்துக்கொள்ளுங்க.

எங்க போய்த் தொடங்கிற?

மிட்வைஃப் மிஸ்ஸிட்ட. கிளினிக் கார்டோட போய், இப்பிடி இப்பிடி இருக்கு எண்டு சொன்னா எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசுக்கு அனுப்புவா, அங்க இருந்து ஆஸ்பத்திரி. மட்டக்களப்பு போதனா ஆஸ்பத்திரியா, கல்முனையா, அம்பாறையா, எந்தக் கிளினிக் எந்த நாள்ல எண்டதும் அவட்டயே கேட்டுக்கொள்ளலாம். புள்ள ஸ்கூல்ல சேர்ந்திட்டா வலயக் கல்வி அலுவலகத்தில விசேட கல்விக்குப் பொறுப்பான ஆள் இருப்பார், அவரையும் பிடிக்கணும். நேசரி வயசெண்டா பிரதேச செயலகத்தில முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கார்.

ஸ்கூல்ல சேர ஜனவரி 31க்கு 5 வயசு முடிஞ்சிருக்கணும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த வருஷம் வாற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்திட்டு டிசம்பர்ல ஓடி வாறதுதான் நம்மட ஆக்கள்ட பழக்கம். மூண்டு வயசில வந்தா ரெண்டு வருஷம் கையில இருக்கு.

என்ன கண்டாக் காட்டணும்? "ஆம்புளப் புள்ள லேட்டாத்தான் கதைக்கும்" எண்டு மாமி சொல்றாவே?

மாமி சொல்றதக் கேட்டு ரெண்டு வருஷம் போன புள்ளைகள் கனபேர். ஆம்புளப் புள்ளைகள் சராசரியாக் கொஞ்சம் பிந்தலாம், ஆனா அது கொஞ்சம்தான். 18 மாசத்திலயும் விரல் நீட்டிக் காட்டல்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பல்ல, ரெண்டு வயசிலயும் "அம்மா வா", "பால் தா" மாதிரி ரெண்டு சொல் சேர்த்துக் கதைக்கல்ல எண்டாக் காட்டுங்க. ஏற்கனவே கதைச்சிக்கொண்டிருந்த சொல்ல விட்டிட்டா, அது எந்த வயசெண்டாலும், அடுத்த கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்காம உடனே போங்க.

ஓட்டிசம் இருக்கலாமா எண்டு பார்க்க எம்-சாட் எண்டு 20 கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கு, 16 மாசத்தில இருந்து 30 மாசம் வரைக்குமான புள்ளைகளுக்கு. அது சலிச்சுப் பார்க்கிற படிவம், அதில புள்ளி கூடினா மேல பார்க்கணும் எண்டு மட்டும்தான் அர்த்தம். ஃபோன்ல அத நிரப்பிப் பார்த்திட்டு "ஓட்டிசமாம்" எண்டு அழுதுகொண்டு வாற தாய்மார் இருக்காங்க, அப்பிடி முடிவு எடுக்க அந்தப் படிவத்தால ஏலாது.

உளவியலாளரிட்டப் போக முதல் காதும் கண்ணும் பார்க்கச் சொல்றாங்க, புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குதே?

ஐஸ்கிரீம் வான் சத்தம் கேட்டு ஓடுறான், அப்ப காது சரி எண்டு எல்லாரும் சொல்றதுதான். ஐஸ்கிரீம் வான் எந்தக் காதுக்கும் கேக்கும். சின்னப் புள்ளைகளுக்கு சளியோட சேர்ந்து செவிப்பறைக்குப் பின்னால தண்ணி தேங்கிறது சரியான சாதாரணம், நோவும் இருக்காது, வெளியில ஒண்டும் தெரியவும் மாட்டாது. அதில ஒரு நாள் கேக்கும், ஒரு நாள் மங்கலாக் கேக்கும், டீச்சர் "நேத்துச் சொன்னதச் செஞ்சான், இண்டைக்கு வேணுமெண்டு கேக்கிறானில்ல" எண்டு எழுதுவா. மெல்லிய ஓசைகள் பிடிபடாது, கதை தெளிவில்லாமப் போகும். இது தெரியாம மொழி சம்பந்தமான டெஸ்ட் செஞ்சா வாற புள்ளி புள்ளைட மூளையப் பத்திச் சொல்லாது, காதப் பத்தித்தான் சொல்லும். அதால ரிப்போட்ட முதல்ல எடுங்க, எடுத்த திகதியையும் பாருங்க, ஒன்றரை வருஷத்துக்கு முதல் எடுத்த காது ரிப்போட் இண்டைக்கு உதவாது.

கண்ணும் அப்பிடித்தான். கண்ணாடி, காதுக் கருவி குடுத்திருந்தா மதிப்பீட்டு நாள்ல போட்டிருக்கணும். "புதுசு, உடைச்சிருவான் எண்டு அலுமாரிக்குள்ள வச்சிருக்கன்" எண்டு சொல்லாதீங்க.

நேசரி டீச்சர் என்ன எழுதிக் குடுக்கிற?

இதுதான் எல்லாத்திலயும் முக்கியம், ஆனா இதத்தான் கடைசி நேரத்தில கொப்பி ஒத்தையக் கிழிச்சு நாலு வரியில எழுதுறாங்க. உளவியலாளர் புள்ளையப் பார்க்கிறது ஒண்டு ஒன்றரை மணித்தியாலம். நீங்க நாளாந்தம் பார்க்கிறீங்க. அவருக்குத் தேவை நீங்க கண்டது, நீங்க நினைச்சது இல்ல.

வழக்கமா வாற ஒத்தையில இப்பிடி இருக்கும்: "குழப்படி. கவனம் இல்லை. பிடிவாதம். மற்றப் பிள்ளைகளுக்கு அடிப்பார். கொஞ்சம் மந்தம்." இத வச்சு யாராலயும் ஒண்டும் செய்ய ஏலாது, எந்தப் புள்ளைக்கும் இது பொருந்தும்.

அதே புள்ளையப் பத்தி இப்பிடி எழுதலாம்: "காலையில பாய் விரிச்சு வட்டமா இருத்திப் பாட்டுப் படிக்கக்குள்ள மூண்டு நிமிஷம் அளவில எழும்பிப் போய் யன்னலைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். கூப்பிட்டாத் திரும்பல்ல. கிட்டப் போய்த் தோள்ல தொட்டு, பாட்டுப் படத்தைக் காட்டினா வந்து இருந்தார். மணல்ல விளையாடக்குள்ள இருவது நிமிஷம் தனிய இருந்து சிரட்டையில மண் நிரப்பிக் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு புள்ள சிரட்டைய எடுக்க வந்ததும் தள்ளினார், வாயால ஒண்டும் சொல்லல்ல."

பாருங்க, இதில கவனம் இல்லாத புள்ள இல்ல இருக்கிறது. இருவது நிமிஷம் ஒரே வேலையில இருந்திருக்கு. வாயால கூப்பிட்டாப் பிடிபடல்ல, தொட்டுப் படம் காட்டினாப் பிடிபடுது. தள்ளினது, வாயால சொல்லத் தெரியாததால. இதுக்குள்ள உளவியலாளருக்கு அரைவாசி வேலை முடிஞ்ச மாதிரி.

அடி, கடி, கத்துறது மாதிரி விஷயங்களுக்கு மூண்டு கோடு போட்டு எழுதுங்க: அதுக்குச் சரியா முதல் என்ன நடந்த, புள்ள என்ன செஞ்ச, அதுக்குப் பிறகு நீங்க என்ன செஞ்சீங்க. மூண்டாவதைத்தான் எல்லாரும் விட்டிடுவாங்க. கத்தினதும் வெளிய கொண்டு போய் ஊஞ்சல்ல இருத்தினீங்க எண்டா, பாட்டு நேரத்தில கத்தினா ஊஞ்சல் கிடைக்கும் எண்டு அவர் படிச்சிட்டார், அது கெட்டித்தனம்தான். நேரத்தையும் போடுங்க, பசி நேரமா, கரண்ட் போய் ஃபேன் நிண்ட நேரமா எண்டெல்லாம் அதில தெரியும்.

புள்ள கீறின படம், மாவால உருட்டினது, களிமண் வேலை எல்லாம் திருத்தாமக் கொண்டு போங்க. கைபிடிச்சுக் கீற வச்ச அழகான வீடு வேணாம்.

கடைசியா, புள்ளைக்கு ஏலுமானதையும் எழுதுங்க. ஒரு ஒத்தை முழுக்க ஏலாதது மட்டும் இருந்தா, திட்டம் எங்க இருந்து தொடங்கிற?

வீட்டில இருந்து யார் வரணும்?

புள்ளைய வளர்க்கிற ஆள். நம்மட பக்கத்தில அது கனநேரம் அம்மம்மா, முஸ்லிம் வீடுகள்ல மூத்தம்மா. பொம்புளைப் புள்ளைக்குத்தான் வீடு குடுக்கிற வழக்கம், அதால மகள்ட குடும்பம் தாயோட ஒரே வளவுக்குள்ள இருக்கும், அதோட தாய் வெளிநாட்டுக்குப் போன வீடுகளும் இருக்கு. அப்பா லீவு போட்டு வந்து உக்கார்ந்திருப்பார், எப்ப நடந்த எண்டு கேட்டா "எல்லாப் புள்ளையும் மாதிரித்தான் சேர்" எண்டுவார். அம்மம்மாட்டக் கேட்டா "தைப்பொங்கலுக்கு நடக்கல்ல மகள், சித்திரை வருஷத்துக்கு அடுப்படில பிடிச்சிப் பிடிச்சி நடந்த" எண்டு அச்சொட்டாச் சொல்லுவா. திகதி ஞாபகம் இல்லாட்டி இப்பிடிக் கோயில் திருவிழா, நோன்புப் பெருநாள், வெள்ளாமை வெட்டு எண்டு வச்சுக் கேளுங்க, வரும்.

பிறந்த நேரத்து விஷயங்களும் வேணும்: மாசம் நிறைஞ்சு பிறந்ததா, பிறந்த நிறை, உடனே அழுததா, மஞ்சள் காமாலைக்கு லைட்டுக்குள்ள வச்சதா, வலிப்பு வந்ததா. மாசத்துக்கு முதல் பிறந்த புள்ளையெண்டா ரெண்டு வயசு வரைக்கும் வளர்ச்சியக் கணக்குப் பார்க்கக்குள்ள அந்த மாசங்களக் கழிச்சுத்தான் பார்ப்பாங்க. கிளினிக் கார்ட், ஆஸ்பத்திரியில தந்த டிக்கெட் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டுக் கொண்டு வாங்க.

மதிப்பீட்டுக்கு முதல் நாள் வீட்டில பழக்கி விடலாமா?

வேணாம். யூடியூப்ல இருக்கிற "ஐகியூ டெஸ்ட்" படங்களக் காட்டிப் பழக்கினா புள்ளி கொஞ்சம் ஏறும், புள்ள உதவி கிடைக்காம நிக்கும். யாருக்கு நட்டம்? "ஒரு அன்ட்டியோட விளையாடப் போறம், பிறகு வீட்ட வருவம்" எண்டு உண்மையச் சொல்லுங்க. "ஊசி போட மாட்டாங்க" எண்டு சொல்லாதீங்க, அதில ஊசி எண்ட ஒரு சொல்தான் புள்ளைட காதில ஏறும்.

அந்த நாள்ல என்ன கவனிக்கிற?

சாப்பாடு, நித்திரை, கக்கூசு. மூண்டும் சரியெண்டாப் பாதி சரி. காலை நேரம் கேட்டு எடுங்க, மத்தியானத்துக்குப் பிறகு சூடான கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பெரிய ஆக்களுக்கே தலை இடிக்கும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில இருந்து வாற புள்ளையெண்டா விடிய எழும்பி, வாவியத் தாண்டி, பஸ் மாறி வந்து சேரக்குள்ளயே களைச்சிரும், வந்து அரை மணித்தியாலம் சும்மா விளையாட விடச் சொல்லிக் கேளுங்க, அது உங்கட உரிமைதான். மாரி மழையில ரோட்டால வெள்ளம் பாயிற நாள்கள்ல அப்பொயின்ட்மென்ட் விழுந்தா மாத்திக் கேக்கிறதிலயும் பிழை இல்ல. தடிமன் காய்ச்சல் எண்டா வரவே வேணாம்.

நேசரியிலயே நடக்குதெண்டா அறை உங்கட பொறுப்பு. சின்ன மேசை, கால் நிலத்தில படுற கதிரை. யன்னல் ரோட்டுப் பக்கம் இருந்தாப் புள்ளைட முதுகு அந்தப் பக்கம் இருக்கணும். பத்து மணிக்கு மீன்காரர் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வருவாரெண்டு உங்களுக்குத்தான் தெரியும், கொழும்பில இருந்து வாறவருக்குத் தெரியாது, அதையும் சொல்லி வைங்க.

நான் உள்ளுக்க இருக்கலாமா? எங்க இருக்கிற?

உளவியலாளர் விட்டா இருக்கலாம். புள்ளைக்குப் பின்னால, கொஞ்சம் பக்கவாட்டில. முன்னால இருந்தா என்ன நடக்குமெண்டு சொல்றன்: நாலு படத்தில "எது பெரிசு" எண்டு கேப்பாங்க. புள்ள முதல்ல படத்தைப் பார்க்காது, உங்கட முகத்தைப் பார்க்கும். உங்களுக்கு விடை தெரியும், உங்கட கண் தானாகவே அந்தப் படத்துக்குப் போகும், புள்ள அந்தக் கண்ணைப் பிடிச்சுக்கொண்டு போய் விரல வைக்கும். பிழையானதுல விரல் போகக்குள்ள நீங்க மூச்சு இழுப்பீங்க, விரல் மற்றப் படத்துக்கு மாறும். கதைக்கத் தெரியாத புள்ளைகள் இதில சரியான கெட்டி, இவ்வளவு நாளும் அவங்க வாழ்ந்ததே மத்தவங்கட முகத்தைப் பார்த்துத்தான்.

"வெரி குட்" சொல்றதையும் நிப்பாட்டுங்க. சரிக்கு மட்டும் சொன்னா, சொல்லாத நேரம் பிழையெண்டு புள்ளைக்குத் தெரிஞ்சிரும். பொதுவா "நல்லாச் செய்யிறீங்க" எண்டு உளவியலாளரே சொல்லுவார்.

புள்ளைக்கு ஏலாத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டே போறாங்க, பாவமில்லையா?

வெளிய நிக்கிற அம்மாமார் அழுற இடம் இது. கன டெஸ்டுகள் லேசில தொடங்கிப் பாரமாப் போகும், தொடர்ச்சியாச் சிலது பிழைச்சாப் பிறகுதான் நிப்பாட்டச் சொல்லி விதி இருக்கு, அந்த எல்லை எங்க இருக்கெண்டு தெரியணுமே. எல்லாப் புள்ளையும் அப்பிடித்தான் பிழையில முடிக்கும், வகுப்பில முதலாவதா வாற புள்ளையும்.

நல்ல உளவியலாளர் இன்னொண்டும் செய்வார். டெஸ்ட் முடிஞ்ச பிறகு, புள்ள பிழைச்ச ஒண்டை எடுத்து, கொஞ்சம் சொல்லிக் காட்டி, திரும்பச் செய்ய விடுவார். ஒருக்காக் காட்டினதும் பிடிக்கிற புள்ளைக்கும் அஞ்சு தரம் காட்டியும் பிடிக்காத புள்ளைக்கும் புள்ளி ஒண்டா இருக்கலாம், தேவை ஒண்டில்ல. வகுப்புக்கு உதவுற தகவல் இதுலதான் கூட வரும், அதால "சொல்லிக் குடுத்து எப்பிடிப் பார்த்தீங்க?" எண்டு கேட்டுக் குறிச்சுக்கொள்ளுங்க.

உளவியலாளருக்குத் தமிழ் தெரியா, நான் மொழிபெயர்க்கணுமாம். என்ன செய்யிற?

இது லேசான வேலை இல்ல, முதல்ல அரை மணித்தியாலம் அவரோட இருந்து கேள்விகளப் பாருங்க. அவர் சொன்னதைக் கூட்டாமக் குறைக்காமச் சொல்லணும், கையால காட்டக் கூடாது. "பெட்டிக்குப் பின்னால வைங்க" எண்டு சொல்லக்குள்ள நம்மட கை தானாப் பின்னால போகும், கையைத் துடையில வச்சுக்கொள்ளுங்க. புள்ள அரைகுறையாச் சொன்னத நீங்க முழு வசனமாத் திருத்திக் குடுக்காதீங்க, "மாடு போ" எண்டு சொன்னா "மாடு போ" எண்டுதான் போகணும், அந்த அரைகுறைதான் அவருக்குத் தேவை. வீட்டில "உம்மா", "வாப்பா" எண்டு கூப்பிடுற புள்ளையிட்ட "அம்மா எங்க?" எண்டு கேட்டிட்டு பதில் இல்லையெண்டு போடக் கூடாது.

படங்களையும் பாருங்க. வெளிநாட்டுக் கார்டில பனிக் கையுறை, நெருப்பு மூட்டுற சுவர் அடுப்பு எல்லாம் இருக்கும். கடற்கரை ஊர் வாகரையில வளர்ற புள்ளைக்கு அது என்ன தெரியும்? வலை, கரப்பு, கிடுகு எல்லாம் பேர் சொல்லும். சொன்னா அவர் ரிப்போட்டில குறிப்பார். பேச்சுத் தேவையில்லாத டெஸ்டும் இருக்கு, ரேவன் கலர்ப் படங்கள் மாதிரி, 36 படக் கணக்கு, விடுபட்ட துண்டைக் காட்டினாச் சரி. ஆனா அதுவும் புத்தகத்தில படம் பார்த்துப் பழகாத புள்ளைக்குப் புதுசுதான்.

புள்ள அழுது ஒண்டுமே செய்யல்ல எண்டா?

இன்னொரு நாள். "ஒத்துழைக்கல்ல" எண்டதும் ஒரு தகவல்தான், அதப் புள்ளி பூச்சியம் எண்டு போடக் கூடாது.

புள்ளி 68 எண்டு வந்திருக்கு. நூத்துக்கு 68 தானே, பாஸ் தானே?

இல்ல, இது சோதனைப் புள்ளி மாதிரி இல்ல. இந்த டெஸ்டுகள்ல 100 எண்டது அந்த வயசுப் புள்ளைகள்ட நடு. 85க்கும் 115க்கும் இடையில மூண்டில ரெண்டு பங்குப் புள்ளைகள் வருவாங்க, 70க்குக் கீழ நூத்துக்கு ரெண்டு பேர் அளவில. ஆனா ஒரு இலக்கத்தப் பிடிச்சுத் தொங்காதீங்க. பக்கத்தில ஒரு வீச்சுப் போட்டிருப்பாங்க, உண்மை அதுக்குள்ள எங்கயோ இருக்கு. சின்ன வயசில இந்தப் புள்ளி நல்லா ஏறி இறங்கும், அதோட அந்த நடு எந்த நாட்டுப் புள்ளைகள வச்சு எடுத்ததெண்டும் கேளுங்க. அமெரிக்கப் புள்ளைகள வச்சு எடுத்த கணக்கை அப்பிடியே ஏறாவூர்ப் புள்ளைக்குப் போட்டு "மூளை வளர்ச்சி குறைவு" எண்டு எழுதிக் குடுக்கிறது சரியான வேலை இல்ல. அன்றாடம் தானாச் சாப்பிடுறது, உடுப்பு மாத்துறது, கடைக்குப் போய் வாறது எல்லாத்தையும் சேர்த்துத்தான் அப்பிடி ஒரு முடிவு எடுக்கலாம்.

ஊரில "விசர் டொக்டரிட்டக் காட்டின புள்ள" எண்டு சொல்லுவாங்களே?

சொல்லுவாங்க. ஒரு மாசம் சொல்லுவாங்க. கண்ணூறு கழிக்கிறதெண்டாக் கழியுங்க, தண்ணி ஓதிக் குடுக்கிறதெண்டாக் குடுங்க, நேத்தி வைங்க, நான் அதில ஒண்டும் சொல்ல மாட்டன், கிளினிக் நாளை மட்டும் விடாதீங்க. டீச்சர்மாருக்கு ஒண்டு: வாசல்ல மத்தத் தாய்மார் நிக்கக்குள்ள இந்தக் கதைய எடுக்காதீங்க. பாதிப் பேர் பயப்படுறது டொக்டருக்கில்ல, உங்கட வாசலுக்கு.

ரிப்போட்டக் காட்டினா ஸ்கூல்ல எடுக்க மாட்டாங்களாம், உண்மையா?

ஊனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில சேர்க்கிறதில பாகுபாடு காட்டக் கூடாதெண்டு 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டத்தில இருக்கு. 5 வயசில இருந்து 16 வரைக்கும் கட்டாயக் கல்வி. சட்டம் இப்பிடி இருந்தும் "எங்களிட்ட வசதி இல்ல, வேற இடம் பாருங்க" எண்டு திருப்பி அனுப்புற அதிபர்மார் இருக்காங்க. அப்பிடிச் சொன்னா எழுத்தில தரச் சொல்லிக் கேளுங்க, கனநேரம் அதோடயே கதை மாறும். மாறாட்டி வலயத்துக்குப் போங்க. விசேட அலகா, சாதாரண வகுப்பா எண்ட முடிவும் ரிப்போட்டில இருக்கிற தலைப்பை மட்டும் பார்த்து எடுக்கிறதில்ல, என்ன உதவி வேணும் எண்டு எழுதின பக்கத்தப் பார்த்து எடுக்கிறது.

ரிப்போட் வந்த பிறகு?

கடைசிப் பக்கத்தில இருந்து வாசிங்க, பரிந்துரை அங்கதான் இருக்கும். "கவனத்தை மேம்படுத்தும் செயற்பாடுகள் வழங்கவும்" மாதிரி எழுதியிருந்தா விடாதீங்க, திங்கட்கிழமை காலையில வகுப்பில நான் என்ன செய்யிற எண்டு கேளுங்க. படத்தால நேர அட்டவணையா, யன்னலுக்குத் தூரமா இருத்துறதா, ஒரு நேரத்தில ஒரு கட்டளை மட்டுமா, யார் செய்யிற, எப்ப திரும்பப் பார்க்கிற. ஆறு மாசத்தில திரும்பப் பார்க்க ஒரு திகதி போட்டுக்கொள்ளுங்க, நீங்க எழுதின குறிப்பையும் அது வரைக்கும் நிப்பாட்டாதீங்க.

மூலப் பிரதி வீட்டில, ஃபோட்டோ கொப்பி ஸ்கூல்ல, பூட்டுற அலுமாரியில. நேசரி வட்ஸ்அப் குரூப்பில ஃபோட்டோ பிடிச்சுப் போடுறது, புள்ளைட பேரை மறைச்சாலும், கூடவே கூடாது. ஒரு ஊருக்குள்ள எந்தப் புள்ளையெண்டு எல்லாருக்கும் விளங்கும்.